ஒரு ரோல் தனுஷ்கோடி

கலர் ஃபிலிம் ரோல் என்று ஒன்று இருந்தது என்று ஆரம்பித்தால், "இன்னும் இருக்கு சார்!" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வாஸ்தவம்தான், இருக்கிறது. ஒரு ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டு முடிப்பதற்குள் ஆகிற செலவில் ஒரு குடும்பம் நல்ல ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம், அவ்வளவுதான் வித்தியாசம். 36 படம். முப்பத்தேழாவது வந்தால் அதிர்ஷ்டம். அழிக்க முடியாது, எடுத்த கையோடு பார்க்க முடியாது. அந்தக் காலத்துக் கல்யாண வீடுகளில், "ரோல் தீரப் போவுது, மாமாவைச் சீக்கிரம் கூப்பிடுங்க" என்று ஒரு பதற்றக் குரல் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? மாமா வரமாட்டார். கோபித்துக்கொண்டு மாடியில் இருப்பார்.

அந்த ஒரு ரோலை வைத்துக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனேன். ஊரே வெள்ளை மணல். தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே மணலில் பட்டுத் திரும்பி வருகிற இன்னொரு வெயில், இரண்டு பக்கமும் கடலில் பட்டுக் கண்ணைக் குத்துகிற மூன்றாவது வெயில். கேமராவில் இருக்கும் லைட் மீட்டரைக் குழப்ப வேண்டும் என்றே ஆண்டவன் படைத்த ஊர்.

எதற்கு இந்த வம்பு? போனில் 'டக்'கென்று எடுத்துவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்றால், பெரியம்மா வீட்டுக்காரர், எங்கள் பெரியப்பாவிடம்.

பெரியப்பா பிறந்து வளர்ந்தது தனுஷ்கோடியில். அவருடைய அப்பா அங்கே ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். சென்னை எழும்பூரிலிருந்து 'போட் மெயில்' தனுஷ்கோடி வரை வரும். பயணிகள் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போவார்கள். ஸ்டேஷன், கஸ்டம்ஸ், போஸ்டாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று சகல லட்சணங்களோடும் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி புயலடித்துக் கடல் உள்ளே வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனை எட்டுவதற்குள் அலையில் போனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல். விடிந்தபோது ஊர் இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

அப்போது பெரியப்பாவுக்குப் பதினோரு வயசு. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று புயலுக்கு இரண்டு நாள் முன்னால் குடும்பத்தோடு பரமக்குடி போயிருந்தார்கள். "எங்கப்பா சர்வீஸ்லயே அதிகமா லீவு போட்டதில்லைடா. அந்த ஒரு லீவு லெட்டர்தான் எங்க குலதெய்வம்" என்பார்.

அதற்குப் பிறகு அவர் அந்த ஊர்ப் பக்கம் போகவே இல்லை. ராமேஸ்வரம் வரை மூன்று தடவை போயிருக்கிறார். அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. இப்போது மனசு வந்திருக்கிறது, முழங்கால் வரவில்லை. போதாக்குறைக்கு சர்க்கரை கண்ணுக்குள் புகுந்து, லேசர் வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது. "இருக்கிற பார்வையில அந்த ஊரை ஒரு தடவை பார்த்துடறேன். போன்ல காட்டாதே. அந்த வெளிச்சமே கண்ணைக் கூசுது. பெரிய தாள்ல போட்டுக் குடு" என்றார்.

"போன்ல எடுத்தும் தாள்ல போடலாமே பெரியப்பா?"

"போன்ல நீ நூறு எடுப்பே. ஒண்ணையும் பார்த்து எடுக்க மாட்டே."

என் ஆபீஸில் பதினாலு வருஷமாக என்னைப் பற்றி எழுதப்படும் ரகசிய அறிக்கையில்கூட இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதில்லை.

அலமாரியிலிருந்து ஒரு தோல் உறை வந்தது. உள்ளே பென்டாக்ஸ் கே 1000. 1991-ல் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. இரும்பு மாதிரி கனம். ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம். உள்ளே இருக்கும் லைட் மீட்டரின் முள்ளுக்கு மட்டும் ஒரு பொத்தான் பேட்டரி. கண்ணை வைத்துப் பார்த்தால் வலது ஓரத்தில் அந்த முள் ஆடும். நடுவில் நின்றால் சரி, மேலே போனால் வெளிச்சம் ஜாஸ்தி, கீழே போனால் கம்மி. கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "நிழல்ல இருக்கிறதெல்லாம் எனக்கு ஒரே இருட்டாத்தான் தெரியுது. அதனால நிழல்ல இருக்கிறதும் தெரியற மாதிரி எடு."

மொத்தப் பயணமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஃபிலிமுக்குள் எவ்வளவு வெளிச்சம் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு சமாசாரம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஒன்று. லென்ஸுக்குள் துவாரம் எவ்வளவு பெரிசு என்பது இன்னொன்று. துவாரத்துக்கு எஃப் 2, எஃப் 2.8, எஃப் 4, 5.6, 8, 11, 16, 22 என்று நம்பர் போட்டிருப்பார்கள். நம்பர் ஏற ஏறத் துவாரம் சின்னதாகும். நம் சம்பள உயர்வு மாதிரி: தாளில் நம்பர் பெரிசாகத் தெரியும், உள்ளே வருவது குறைவாக இருக்கும். ஒரு படி இறங்கினால் வெளிச்சம் இரட்டிப்பு, ஒரு படி ஏறினால் பாதி. இந்தப் படிக்குப் பெயர்தான் ஸ்டாப். ஷட்டரிலும் அப்படியே. 1/250 செகண்டிலிருந்து 1/125-க்கு வந்தால் ஒரு ஸ்டாப் கூடும்.

மீட்டரே இல்லாமல் படமெடுக்க ஒரு பழைய கணக்கு உண்டு. பளிச்சென்ற வெயில், நிழல் கத்தி மாதிரி விழுகிறது என்றால் எஃப் 16. ஷட்டர், ஃபிலிமின் வேக நம்பர். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/125. ஐ.எஸ்.ஓ. 200 என்றால் 1/250. நிழலின் ஓரம் மங்கினால் எஃப் 11, நிழலே விழாத மப்பு என்றால் எஃப் 8. முன்பெல்லாம் ஃபிலிம் பெட்டியின் அட்டையிலேயே சூரியன், பாதி சூரியன், மேகம் என்று சின்னச் சின்னப் படம் போட்டு இதைச் சொல்லியிருப்பார்கள். நாம் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "சார், எந்த நம்பர்ல வைக்கணும்?" என்று ஸ்டூடியோக்காரரைக் கேட்போம்.

கலர் நெகட்டிவுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. அதை ஃபில்டர் காபிக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம். டிகாஷன் கெட்டியாக இறங்கிவிட்டால் பால் விட்டுச் சரிபண்ணலாம். நீர்க்க இறங்கிவிட்டால் மாமியாரே வந்தாலும் ஒன்றும் பண்ண முடியாது. நெகட்டிவில் வெளிச்சம் அதிகம் பட்ட இடம் கெட்டியாகும். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடப் போனாலும் அந்தக் கெட்டிக்குள் விவரம் உட்கார்ந்திருக்கும். பிரிண்ட் போடுகிறவர் இறக்கிக்கொள்வார். குறைந்துபோனால் அந்த இடத்தில் ஃபிலிமில் எதுவுமே பதியாது. பிரிண்டில் நிழலெல்லாம் சாம்பல் பூத்து, பச்சையோ பழுப்போ படிந்து, புள்ளி புள்ளியாக மணல் தூவின மாதிரி வரும். 'சார், லேப்ல சொதப்பிட்டாங்க' என்று நாம் திட்டுவதில் பாதி இந்த நீர்த்த டிகாஷன்தான்.

ஸ்லைடு ஃபிலிமுக்கு நேர் எதிர் குணம். அதில் அரை ஸ்டாப் கூடினாலே வெள்ளை வெளுத்துவிடும். போன் கேமராவும் அந்த ஜாதிதான். வெளுத்துப்போன வானம் வெளுத்ததுதான். அதனால் போனில் பழகின கை, வானத்தைக் காப்பாற்றத் துடிக்கும். நெகட்டிவுக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றிவிட வேண்டும். இங்கே காப்பாற்ற வேண்டியது நிழலை.

ஆகவே, பெட்டியில் 200 என்று போட்டிருந்த கோடக் கோல்டு ரோலை மாட்டிவிட்டு, கேமராவின் வேக வளையத்தைத் தூக்கித் திருப்பி 100-ல் வைத்தேன். 'இது மெதுவான ஃபிலிம்' என்று மீட்டரிடம் ஒரு சின்னப் பொய். அது ஏமாந்து எல்லாப் படத்துக்கும் ஒரு ஸ்டாப் தாராளமாகக் கொடுக்கும்.

*

ராத்திரி ரயில். விடியும் நேரத்தில் பாம்பன் பாலம். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தது. கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே நேர் மேலே தூக்கிக்கொள்ளும். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுத்துண்டு, கும்பிடு போடுகிற இரண்டு கை மாதிரி விரியும். பெரியப்பா குடும்பம் பரமக்குடிக்குத் தப்பியது அந்தப் பழைய பாலத்தின் மேல்தான். கம்பார்ட்மெண்டே ஜன்னலில் போனும் கையுமாக நின்றது. நானும் கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். லென்ஸை எஃப் 2 வரை முழுசாகத் திறந்தும் முள் 1/30-தான் கேட்டது. ஆடுகிற ரயில், ஆடுகிற கை. 36-ல் ஒன்றை இருட்டுக்குத் தானம் கொடுக்க மனசில்லாமல் மூடி வைத்தேன். எதிர் பெர்த்துக்காரர், "ஏன் சார், ரிப்பேரா?" என்றார் அனுதாபமாக.

ராமேஸ்வரத்தில் குளித்து, இட்லி தின்று, அரிச்சல்முனை பஸ் பிடித்தேன். 2017-ல் தார் ரோடு வந்ததிலிருந்து பஸ் முனை வரை போகிறது. அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் புகுந்து வேனில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். போய்வந்தவர்கள் ஒரு வாரத்துக்கு இடுப்பைத் தடவிக்கொண்டே ஊர்ப்பெருமை பேசுவார்கள். ரோட்டுக்கு ஒரு பக்கம் அலையடிக்காத கடல், இன்னொரு பக்கம் ஆர்ப்பரிக்கிற கடல். அமைதியாக இருக்கிற வங்காள விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், ஆர்ப்பாட்டம் பண்ணுகிற மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர் நிச்சயமாகக் கல்யாணம் ஆகாதவர்.

பழைய ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது மணி ஒன்பது. வெயில் முழுசாக வந்துவிட்டது. ஒரு பரிசோதனை செய்து பார்த்தேன். கேமராவை நேராக மணலைப் பார்த்துப் பிடித்தால், முள் நடுவில் நிற்க 1/250, எஃப் 22 கேட்கிறது. அட்டைக் கணக்குப்படி 100-க்கு 1/125, எஃப் 16 அல்லவா வரவேண்டும்? சுளையாக இரண்டு ஸ்டாப் உதைக்கிறது!

யார் சொல்வது சரி? மீட்டர் பொய் சொல்லவில்லை, அதற்கு உலகம் தெரியாது, அவ்வளவுதான். சில மேனேஜர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருஷக் கடைசியில் அப்ரைசல் போடும்போது ராப்பகலாக உழைத்தவனுக்கும் 'சுமார்', காண்டீனிலேயே குடியிருந்தவனுக்கும் 'சுமார்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மீட்டர் அந்த மாதிரி. அதன் எதிரில் எது வந்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்து அளக்கும். வெள்ளை மணல் வந்தால், 'ஐயையோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைக்கச் சொல்லும். அதை நம்பி எடுத்தால் மணல் சாம்பலாகும். மணலில் நிற்கிற மனுஷன் கரியாவான். கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய் எடுத்த பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். பல்லும் சட்டையும் மட்டும் தெரிகிற சித்தப்பா ஒருவர் நிச்சயம் அகப்படுவார்.

இதற்கு வைத்தியம் கையிலேயே இருக்கிறது, நிஜமாகவே கையில். படமெடுக்கப் போகிற பொருள்மேல் என்ன வெளிச்சம் விழுகிறதோ, அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி, அது மட்டும் தெரிகிற மாதிரி கேமராவைக் கிட்டே கொண்டுபோய் அளப்பது. ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கை ஏறக்குறைய ஒரே வெளுப்பு: நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப். அளந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்தால் தீர்ந்தது. என் கை, 1/125-க்கு எஃப் 22 காட்டியது. ஒன்று திறந்தால் எஃப் 16. அட்டைக் கணக்கும் கை ஜோசியமும் ஒத்துப்போயின. அந்தப் பக்கம் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் நான் வெயிலில் நின்று சொந்தக் கையைப் படமெடுப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள்.

மாதா கோயில் முதலில். கூரை எப்போதோ போய்விட்டது. பவளப் பாறைக் கல்லால் கட்டிய சுவர்கள் மட்டும், உப்புக் காற்று அரித்து அரித்துத் தேன்கூடு மாதிரி நிற்கின்றன. வெளியிலிருந்து எடுப்பது சுலபம்; வெயில் படுகிற முகப்பு, எஃப் 16, முடிந்தது. உள்ளே போனால்தான் வினை. சுவரின் உட்பக்கம் நிழல். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகக் கொதிக்கிற மணலும் நீலக் கடலும். கேமரா இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டு எஃப் 11 என்றது. நான் நிழல் சுவருக்கு ஒரு முழம் கிட்டே போனேன். ஃபிரேம் முழுக்கச் சுவர் மட்டும். இப்போது 1/125-க்கு எஃப் 5.6. அந்த நம்பரிலேயே வைத்துக்கொண்டு பின்னால் வந்து எடுத்தேன். முள் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு 'அதிகம், அதிகம்' என்று கதறியது. கதறட்டும்.

விஷயம் தெரிந்தவர்கள், நிழலை அளந்தால் அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்து வைக்கலாம், நிழல் நிழலாகத் தெரியவேண்டாமா என்பார்கள். நியாயம்தான். பெரியப்பா கண்ணை நினைத்துக்கொண்டு நான் குறைக்கவில்லை.

ஸ்டேஷனில் மிச்சம் சில சுவர்கள். தண்ணீர்த் தொட்டி. பள்ளிக்கூடம் என்று காட்டினார்கள், அதுவும் சுவர்தான். ஒவ்வொன்றுக்கும் வெயில் பக்கம் ஒரு படம், நிழல் பக்கம் ஒரு படம், உள்ளே ஒரு படம். எடுத்த நேரத்தை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பையன் வந்து, "அங்கிள், இது என்ன மாடல்? ஸ்கிரீன் எங்கே?" என்றான். பின்பக்கம் வெறும் மூடி என்று காட்டினேன். "அப்ப எடுத்ததை எப்படிப் பார்ப்பீங்க?" "ஒரு வாரம் கழிச்சு." அவன் என் முகத்தைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். காலண்டரில் இருக்கிற டைனோசரை நேரில் பார்த்த மாதிரி ஒரு கூட்டம்.

பெரியப்பாவின் பட்டியலில் கடைசி அயிட்டம்: 'பழைய ஆளுங்க யாராச்சும் இருந்தா ஒரு முகம்.'

டீக்கடையில் விசாரித்தேன். "அந்தக் கொட்டாய்க்குப் போங்க" என்று கை காட்டினார்கள். ஓலைக் கொட்டகை. வாசலில் சங்கு, சோழி, பாசிமணி பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பாட்டி. புயலின்போது எட்டு வயசாம். அப்பா தோளில் தூக்கிக்கொண்டு மணல் மேட்டுக்கு ஓடியது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"போட்டோ எடுத்துக்கலாமா பாட்டி?"

"எடுத்துக்க. தெனம் பத்துப் பேரு எடுக்குறாக. இன்ன வரைக்கும் ஒருத்தரும் ஒரு படத்தைக் கண்ணுல காட்டுனதில்ல."

"நான் அனுப்பி வைக்கிறேன் பாட்டி."

"அவுகளும் இதையேதான்யா சொன்னாக" என்று சிரித்தார்.

இதுதான் நான் முழு நாளும் பயந்துகொண்டிருந்த படம். ஓலை நிழலுக்குள் கறுத்த முகம். பின்னால் பத்தடி தள்ளிக் கொளுத்துகிற வெள்ளை மணல். 'வெயிலில் வந்து உட்காருங்கள் பாட்டி' என்று சொல்லலாம். சொன்னால் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். கண் குழியில் கறுப்பு விழும். முகத்துச் சுருக்கமெல்லாம் கோடு கிழித்த மாதிரி ஆகும். நடுப்பகல் வெயில் யாருடைய முகத்துக்கும் சிநேகிதன் இல்லை. நிழலிலேயே இருக்கட்டும். முன்பக்க மணலில் பட்ட வெயில் கீழிருந்து முகத்துக்கு மெதுவாக ஏறுகிறதே, ஸ்டூடியோவில் காசு கொடுத்தாலும் கிடைக்காத விளக்கு அது!

என் உள்ளங்கையைப் பாட்டியின் கன்னத்துக்கு அருகில் நிழலில் நீட்டினேன். "என்னய்யா, எங்கிட்ட ரேகை பாக்கச் சொல்றியா?" கை, 1/125-க்கு எஃப் 8 காட்டியது. ஒன்று திறந்தால் எஃப் 5.6. வெயிலுக்கும் இதற்கும் சரியாக மூன்று ஸ்டாப். பின்னால் இருக்கிற மணல் அதற்கும் மேலே இரண்டு ஸ்டாப் வெளுப்பு. ஃபிலிம் தாங்குமா? தாங்குகிற வரை தாங்கட்டும், மணல் வெள்ளைத் தாளாகப் போனாலும் போகட்டும், பாட்டி முகம் தெரிந்தால் போதும். மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் ஒரு வாடிக்கையாளர் சோழி விலை கேட்க, பாட்டி அவர் பக்கம் திரும்பி விலை சொல்கிறார்.

பிறகு அரிச்சல்முனை. அசோகச் சின்னம் வைத்த தூண், அதைச் சுற்றி செல்ஃபி. அந்தப் பக்கம் கடல் தாண்டி முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார். மாலையில் ஊருக்குத் திரும்பச் சொல்லி விசிலடித்து விரட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் சூரியன் சாய்ந்து மஞ்சளாக வந்தபோது மூன்று படம். சூரியனையே அளந்தால் மற்றதெல்லாம் கறுத்துவிடும். சூரியனை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டுப் பக்கத்து வானத்தை அளந்து வைத்துக்கொண்டு எடுப்பதுதான் வழி. இதுவும் நல்லாத்தான் வந்தது. ஆனால் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிற படம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

*

கழுவக் கொடுத்த லேபின் பெயர் வேண்டாம். பெரியவர் ஒருவரும் அவர் மகனுமாக நடத்துகிறார்கள். கலர் நெகட்டிவ் கழுவுகிற முறைக்கு ஸி-41 என்று பெயர். மருந்து 38 டிகிரி சூட்டில், டெவலப்பரில் மூணேகால் நிமிஷம். எந்தக் கம்பெனி ஃபிலிமானாலும் அதே கணக்கு. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓகோவென்று இருந்த நாளிலிருந்து பெரியவர் இந்தத் தொழிலில் இருக்கிறார். ஊட்டித் தொழிற்சாலை மூடியாகிவிட்டது, இவர் மூடவில்லை. ஆரஞ்சு நிறச் சுருளை விளக்குக்கு எதிரில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா கெட்டியா இருக்கு தம்பி. இப்ப வர்ற பசங்க கொண்டுவர்றதெல்லாம் மோர்த் தண்ணி" என்றார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

ஆனால் முதல் பிரிண்ட் வந்தபோது வயிற்றைக் கலக்கியது. கடல் நிறைய இருந்த படங்களிலெல்லாம் மணல் மஞ்சள் பூசிக் குளித்திருந்தது! பெரியவர்தான் காரணம் சொன்னார். இதுவும் அதே சராசரி வியாதி. பிரிண்ட் போடுகிற மிஷினும் படத்தில் எல்லா நிறமும் சமமாக இருக்கவேண்டும் என்று நினைக்கும். ஃபிரேம் முழுக்க நீலமாக இருந்தால், 'நீலம் அதிகம்' என்று முடிவு கட்டி எதிர் நிறமான மஞ்சளைக் கலந்துவிடும். மகன் ஆட்டோவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். பெரியவர் தானே உட்கார்ந்து, திருத்தத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக மறுபடி போட்டார். பாட்டி படத்தில் பின்னால் மணலைக் கொஞ்சம் இறக்கினார். வெள்ளைத் தாள் என்று நான் கைகழுவியிருந்த இடத்தில் மெல்லக் கடல் கோடு ஒன்று வந்தது; ஒரு படகும் வந்தது. எடுக்கும்போது நானே பார்க்காத படகு. கூடுதலாகக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

பெரியப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொன்னார். பெரிய பிரிண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடலை வேகமாகத் தள்ளினார். அரிச்சல்முனை அஸ்தமனத்தை, "இது எங்கே வேணா இருக்கும்" என்று கவிழ்த்து வைத்தார். மாதா கோயில் உட்புறம் வந்ததும் பூதக்கண்ணாடி நின்றது. நிழல் சுவரில் ஒரு சதுரமான குழி. எனக்கு அது சுவர் அரித்த ஓட்டை.

"இங்கே லாந்தர் வைப்பாங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல நாங்கள்லாம் கேக் வாங்க வருவோம். உசரத்துல இருக்கும், எட்டாது. இப்ப மண்ணு ஏறி எவ்வளவு கீழே வந்திருக்கு பாரு..."

பள்ளிக்கூடச் சுவர் படத்தை வெகுநேரம் வைத்திருந்தார்.

"இது எத்தனை மணிக்கு எடுத்தே?"

நோட்டைப் பார்த்தேன். "பத்தே முக்கால் பெரியப்பா."

"கணக்கு பீரியடு" என்றார்.

பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஆறியது. பெரியப்பா பாட்டி படத்தை எடுத்தார். மூன்றில் அந்த விலை சொல்கிற படம். யாரென்று தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. எட்டு வயசுப் பெண்ணை அறுபது வருஷம் கழித்து யாரால் அடையாளம் சொல்ல முடியும்? அவரும் அடையாளம் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொண்டார்.

"இந்தம்மாவுக்கு ஒரு காப்பி அனுப்பிட்டியா?"

"டீக்கடை விலாசம் வாங்கிட்டு வந்திருக்கேன். நாளைக்கு ஸ்பீடு போஸ்ட்ல போட்டுடறேன்."

"ஸ்பீடு போஸ்ட் வேண்டாம். நடுவுல அட்டை வெச்சு நானே கட்டித் தர்றேன். அடுத்த மாசம் நீ நேர்ல போய்க் குடுத்துட்டு வா. கேமராவையும் எடுத்துட்டுப் போ. அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாலதான் எங்க குவார்ட்டர்ஸ். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை."

ஃபிலிமுக்குக் காசு கொடுக்கிறேன் என்றார். லீவு லெட்டரும் தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.